சோளத்தட்டை மக்கும் வரை

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வீட்டிலும் வேலையிடத்திலும் அவள் பம்பரம். சாப்பாட்டைக்கூட ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்துகொண்டே முடித்துவிடுவாள். உட்கார்ந்தால் கால் ஆடும். காலைப் பிடித்து நிறுத்தினால் விரல் ஆடும். அவள் புருஷன் பஸ் டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துத் தோள் வலியோடு வீடு வருகிற மனிதர். நாற்காலியில் சாய்ந்தபடி அவளைப் பார்த்து, "நாள் முழுக்க வண்டி ஓட்டறவன் நான். வீட்டுக்கு வந்தா எனக்கு முன்னாடி நீ ஓடிட்டு இருக்கே. டீசல் எங்கே போடறே?" என்பார். அவள் சிரித்துக்கொண்டே அவருக்குக் கீழேயும் பெருக்கிவிட்டுப் போவாள்.

வேதியியல் படித்தவள். படிப்பு முடிந்து அச்சகத்தில் சேர்ந்தாள், விட்டாள். மருந்துக்கடையில் சேர்ந்தாள், விட்டாள். ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தைக் கவனித்துக்கொண்டாள், அதையும் விட்டாள். வேலை பிடிக்காமல் இல்லை. காலுக்குக் கீழே தரை சுடுகிற மாதிரி இருக்கும், கிளம்பிவிடுவாள். மண் பரிசோதனைக்கூடத்தில்தான் ஒருவழியாக நிலைத்தாள். அங்கே கைக்கு ஓய்வே கிடையாது என்பதுதான் காரணம்.

இரண்டே அறை. முதல் அறையில் தாள் விரித்த தட்டுகளில் மண் காயும். செம்மண், கரிசல், மணல் கலந்தது, களிமண் என்று வரிசையாக. காய்ந்த கட்டிகளை மரச்சுத்தியால் தட்டி, வேரும் கல்லும் பொறுக்கி, சலித்து, எடை போட வேண்டும். இரண்டாவது அறையில் தராசு, உலை, சுவர் முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். அந்த ஜாடிகளில்தான் அவள் பொறுமைக்குச் சோதனை. ஈரமான மண்ணை ஜாடியில் போட்டு, உள்ளே ஒரு குட்டி புட்டியில் காரக் கரைசலை வைத்து, காற்றுப் போகாமல் மூடிவிட வேண்டும். மண்ணுக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மூச்சு விடும். அந்த மூச்சைக் காரம் வாங்கி வைத்துக்கொள்ளும், வாங்கிய அளவுக்கு அதன் காரம் குறையும். நாள்கள் கழித்து ஜாடியைத் திறந்து, அந்தக் கரைசலில் நிறங்காட்டி சேர்த்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிறம் எப்போது மறைகிறது என்று பார்ப்பாள். சீக்கிரம் மறைந்தால் மண் நன்றாக மூச்சு விட்டிருக்கிறது. பாத்திரம் நிறையச் சொட்டியும் மறையாவிட்டால் அந்த மண் கிட்டத்தட்டப் பிணம்.

"நடுவுல திறந்து பாக்கலாமா மேடம்?" என்று ஆரம்பத்தில் கேட்பாள்.

கூடத்துத் தலைவியை எல்லோரும் மேடம் என்றே கூப்பிடுவார்கள். குரலை உயர்த்தாத பெண்மணி. "கருவுல இருக்கற பிள்ளையை நடுவுல எடுத்துப் பாப்பியா? சும்மா இரு" என்பார்.

சும்மா இருப்பதுதான் பம்பரத்துக்கு வராத ஒரே வேலை.

அவளுக்கு ஒரு அக்கா. இருவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள். அக்கா நிதானம். ஒரு வார்த்தை பேச ஒன்பது முறை யோசிப்பவள். மக்காச்சோளம் போடுகிற விவசாயிக்கு வாழ்க்கைப்பட்டு, பஸ்ஸில் அரைநாள் பயணத்தில் இருந்தாள். நல்ல மனிதர் அத்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார், அடுத்தவரும் காப்பாற்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பார். குறை என்று ஒன்று இருந்தால் அது அக்காவின் நெஞ்சில்தான் இருந்தது. அவளுக்கு மூச்சிரைப்பு. அறுவடை முடிந்து வயலில் கதிர் ஒடித்த சோளத்தட்டையைக் கொளுத்துகிற காலம் வந்தால் ஊர் முழுக்கப் புகை கட்டி நிற்கும். அக்கா ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகிவிட்டு, கட்டிலில் தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இறைப்பாள்.

ஒரு வருஷம் அது கைமீறிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

பம்பரம் போய்ப் பார்த்தபோது அக்காவின் முகத்தில் குழாய் இருந்தது. பேச முடியாமல் கையை மட்டும் அசைத்தாள். தோள் இரண்டும் ஏறி இறங்கின. பம்பரத்தால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்தாள், மறுபடி உள்ளே போனாள், தண்ணீர் பிடித்தாள், நர்ஸிடம் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டாள். கடைசியில் வராந்தா பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அத்தானிடம் போய் நின்றாள்.

"அத்தான், இனிமே எரிக்காதீங்க."

"எரிக்காம என்ன பண்றது? அடுத்த விதைப்புக்கு நிலம் வேணாமா?"

"உழுது மண்ணுக்குள்ளயே போட்டுடுங்க. எரிச்சா அதுல இருக்கற கார்பன்ங்கற கரியெல்லாம் புகையாப் போகுது. உள்ளே போட்டா மண்ணுல இருக்கற உயிருங்க தின்னு மக்க வச்சிடும். மண்ணுக்கும் நல்லது, அக்காவுக்கும் நல்லது."

அத்தான் யோசித்தார். ஆஸ்பத்திரிக் கதவைப் பார்த்தார். "சரி. வேற ஏதாவது பண்ணணுமா? எதாவது போடணுமா?"

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பம்பரம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். "ஒண்ணும் வேண்டாம் அத்தான். மண்ணு பாத்துக்கும்!"

அத்தான் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். டிராக்டரை வரவழைத்து, ரோட்டவேட்டரை வைத்துத் தட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி மண்ணோடு கலந்தார். சுற்றிலும் இருந்தவர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "என்னப்பா, குப்பையை வீட்டுக்குள்ளயே பெருக்கி வச்சுக்கறே?" என்று ஒருவர் கேட்டார். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எங்க வீட்ல மண்ணு படிச்ச பொண்ணு இருக்கு" என்றார். கையோடு மழையும் வந்து மற்ற வயல்களின் புகையும் அடங்கியது. ஈரம் காய்வதற்குள் விதைத்துவிட்டார். வழக்கமாக விதைப்போடு போடுகிற நைட்ரஜன் உரமான யூரியாவையும் போடவில்லை. ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறாளே.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்கா, அந்தப் பருவம் முழுக்கத் தன் வயல் பக்கத்து ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தாள்.

அவளிடமிருந்து போன் வந்தபோது பம்பரம் கூடத்தில் மண் சலித்துக்கொண்டிருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"பயிர் மஞ்சளா இருக்கு" என்றாள் அக்கா.

"எந்த இலை? மேலயா, கீழயா?"

"கீழ் இலை. நுனியிலருந்து நடு நரம்பு வழியா மஞ்சள் இறங்குது. பக்கத்து வயலெல்லாம் பச்சையா இருக்கு. நம்மளுது மட்டும்தான்."

சல்லடை கையில் நின்றது. அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.  மேடத்தின் அறைக்கு ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள்.

"உழுது எவ்வளவு நாள் விட்டு விதைச்சாங்க?" என்றார் மேடம்.

"விடவே இல்ல மேடம்."

"நைட்ரஜன்?"

"போடல. நான் வேண்டாம்னுட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உனக்குத் தெரியாததா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

தெரியாததில்லைதான். சோளத்தட்டை வெறும் சோறு மாதிரி. கரி நிறைய இருக்கும், நைட்ரஜன் கொஞ்சம்தான். அதைத் தின்ன வருகிற நுண்ணுயிர்களுக்குத் தொட்டுக்கொள்ள நைட்ரஜன் வேண்டும். தட்டையில் கிடைக்காவிட்டால் மண்ணில் இருப்பதை வழித்துக்கொள்ளும். பந்திக்கு முந்துவதில் அவற்றை மிஞ்ச ஆள் கிடையாது. வேர் வந்து இலையைப் போடுவதற்குள் பாத்திரம் காலி. பயிர் பட்டினி. தின்றவை பிறகு செத்து, அவற்றின் உடம்பிலிருந்து அந்தச் சத்து மண்ணுக்குத் திரும்பும். ஆனால் அதற்கு நாளாகும். ஆகவே உழுதுவிட்டுச் சில வாரம் ஆறப்போட வேண்டும், அல்லது விதைக்கும்போது கொஞ்சம் யூரியா சேர்த்துப் போட வேண்டும். சொல்வதற்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம்தான் ஆஸ்பத்திரிப் படியில் இல்லாமல் போனது.

லீவு சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோர இடம் கிடைத்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றால் பஸ் சீக்கிரம் போகும் என்பது போல. ஊர் நெருங்க நெருங்க, இரண்டு பக்கமும் சோளம் கரும்பச்சையாக நின்றது. அத்தானின் வயல் வந்ததும் அதை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. காமாலைக்காரன் கண்ணைப் போல ஒரு துண்டு நிலம் நடுவில் கிடந்தது.

அத்தான் வாசலில் மருந்து தெளிக்கிற கருவியின் மூக்கைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். வா என்று சொல்லவில்லை. வழக்கமாக அவள் தலையைக் கண்டதும், "வந்துடுச்சுப்பா புயல், குடத்தையெல்லாம் ஓரமா வை" என்று கத்துகிறவர்.

"அத்தான்..."

"மண்ணு பாத்துக்கும்னு சொன்னே இல்ல? பாத்துட்டுத்தான் இருக்கு. நல்லாப் பாத்துட்டு இருக்கு." மறுபடி குனிந்து ஊதினார்.

"தப்பு என்னுதுதான் அத்தான். பாதி சொல்லிட்டுப் போயிட்டேன். இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. ஈரத்துல கொஞ்சம் யூரியா வச்சு மண்ணை அணைச்சா..."

"இன்னொரு யோசனையா?" அவர் கருவியைக் கீழே வைத்தார். "போதும்மா. ஊரே வரப்புல நின்னு சிரிக்குது. டிராக்டருக்குச் சொல்லிட்டேன். இந்தப் பயிரை அழிச்சிட்டு மறுபடி விதைக்கப் போறேன். அறுவடை முடிஞ்சா பழையபடி தீதான். இனி இந்த வீட்ல தட்டைன்னா தீப்பெட்டி."

அழித்துவிட்டு விதைத்தால் பருவம் தப்பிவிடும். பசித்த மண்ணில் பசித்த பயிர்தான் மறுபடியும் வரும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்கிற தகுதியைத்தான் அவள் தொலைத்துவிட்டாளே. பம்பரம் வயலுக்கு ஓடினாள். செருப்பு சேற்றில் மாட்டியது, அதை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். ஒரு செடியின் ஓரத்தில் கையாலேயே தோண்டினாள். தட்டைத் துண்டுகள் பழுப்பேறி, மெத்தென்று இருந்தன. அவற்றைச் சுற்றி வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை ஓடியிருந்தது. மண்ணை மூக்கருகே கொண்டுபோனாள். மழை விட்ட பிறகு வருமே, அந்த வாசனை. செத்த மண் இல்லை. உயிர் கொழுத்துக்கொண்டிருக்கிற மண். அந்தக் கொழுப்புதான் இப்போது பயிருக்கு எமன்.

ஒரு பையில் மண்ணை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து கைகாலைக்கூடக் கழுவாமல் தோள்பையைத் தேடினாள்.

"எங்கே கிளம்பிட்டே?" அக்கா கதவோரம் நின்றிருந்தாள்.

"லேபுக்கு. இதை ஜாடியில போட்டு டெஸ்ட் பண்ணிக் காட்டினா அத்தான் நம்புவாரு. நாளைக்கே..."

"உக்காரு."

"அக்கா, பஸ்ஸு..."

"உக்காருடி!"

அக்கா குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வாசலில் இருந்த அத்தானே எழுந்து உள்ளே வந்துவிட்டார். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, அது அடங்குகிறவரை இருவரையும் கையமர்த்திக் காத்திருக்கவைத்தாள்.

"ஆஸ்பத்திரியில நான் படுத்திருந்தப்போ ரெண்டு பேரும் வெளியே நின்னு பேசி முடிச்சீங்க. இவ எரிக்காதேன்னா, நீங்க எரிக்கல. இப்ப நீங்க எரிப்பேங்கறீங்க. என் மூச்சை நடுவுல வச்சு ரெண்டு பேரும் கயிறு இழுக்கறீங்க. உனக்கு என்ன வேணும்னு ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?"

பம்பரம் மண் பையைக் கீழே வைத்தாள்.

"இந்த வருஷம்தான் நான் ஜன்னலைத் திறந்து வச்சுத் தூங்கினேன். எனக்கு அது வேணும். சோளமும் வேணும். எதையும் விட மாட்டேன்." அத்தான் பக்கம் திரும்பினாள். "டிராக்டரை வேண்டாம்னு சொல்லுங்க." பிறகு தங்கையிடம்: "நீ வந்து கொட்டிட்டு ஓடற ஆளு. இந்தத் தடவை ஓடாதே. பயிர் தெளியற வரைக்கும் இங்கேயே இருந்து, என்ன பண்ணணுமோ பக்கத்துல நின்னு பண்ணு. பச்சை ஆகலேன்னா அதையும் என் கூட நின்னு பாரு."

அத்தான் நெடுநேரம் தாடையைத் தேய்த்தார். பிறகு போனை எடுத்து டிராக்டர்காரருக்குச் சொன்னார். வைத்துவிட்டு மைத்துனியைப் பார்க்காமலே, "பாதி வயலுக்கு யூரியா வை. மீதிப் பாதியை உன் மண்ணு பாத்துக்கட்டும்" என்றார்.

அது கோபத்தில் சொன்னது. ஆனாலும் அவர் சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் கிணற்றில் இருந்த கொஞ்சத் தண்ணீரை விட்டு அந்தப் பாதி மண்ணை நனைத்தார்கள். செடிக்குச் செடி ஒரு சிட்டிகை, வேரிலிருந்து சற்றுத் தள்ளி, உடனே மண்ணால் மூடிவிட வேண்டும். வெறும் தரையில் தூவினால் வெயிலில் பாதி ஆவியாகப் போய்விடும். பம்பரம் வைத்துக்கொண்டே போக, பின்னால் அக்கா காலால் மண்ணை அணைத்துக்கொண்டே வந்தாள். அத்தான் வரப்பில் நின்று பார்த்தார். கொஞ்சநேரம் கழித்து, "இப்படி வச்சா பொழுது விடிஞ்சு பொழுது போயிடும்" என்று முனகியபடி அவரும் ஒரு வரிசையில் இறங்கினார். மறுபாதி வயலை யாரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. பம்பரத்தின் வாழ்க்கையிலேயே கொடுமையான காலம் அதுதான்.

விடிந்ததும் வயலுக்குப் போவாள். நேற்றைவிடப் பச்சையாக இருப்பது போலத் தோன்றும். வெயில் ஏறியதும் மறுபடி போவாள், அந்தப் பச்சை இருக்காது. இலையை வெளிச்சத்தில் பிடிப்பாள், நிழலில் பிடிப்பாள், பக்கத்து வயல் இலையைக் கிள்ளி வந்து ஒட்டிவைத்துப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்தால் கை பரபரக்கும். துவைத்த துணியைத் துவைத்தாள். அக்காவின் சமையலறை அலமாரியை இறக்கித் துடைத்து, டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினாள். அன்று மத்தியானம் அக்கா அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயிருக்குச் சோறு போட வந்துட்டு எனக்கு உப்பில்லாமப் பண்ணிட்டியேடி. எங்கே வச்சே?"

"உயரமான டப்பாவுல."

"எல்லாம் உயரமாத்தான் இருக்கு, உன் புத்தி மாதிரி."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்ததும் பம்பரம் மறுபடி வயல் பக்கத்து ஜன்னலுக்குப் போய் நின்றாள். பச்சை வராவிட்டால்? தான் படித்த கணக்கு இந்த நிலத்துக்குப் பொருந்தாவிட்டால்? வெயிலும் ஈரமும் சேர்ந்த மண்ணில் எல்லாமே வேகம். தின்பதும் வேகம், சாவதும் வேகம். அதை நம்பித்தான் இருந்தாள். ஆனால் மழை வரக் காணோம். மேல்மண் காயக் காய அந்த உயிர்களும் தூங்கிவிடும். தின்றதைத் திருப்பித் தராமல் மடியில் முடிந்துகொண்டே தூங்கும். தொடாத பாதி வயல் வெளுத்துக்கொண்டே போயிற்று.

அவள் புருஷன் மாற்றுத்துணி கொண்டுவந்தார். வீட்டில் யாரும் இல்லாததால் வயலுக்கே வந்துவிட்டார். பம்பரம் வரப்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீயா உக்காந்திருக்கே?" என்று அவர் உண்மையாகவே பதறிப்போனார். "உடம்புக்கு முடியலையா?"

"என்னால தாங்க முடியலங்க" என்றாள். "ஓடிடலாம்னு இருக்கு. அக்கா கண்ணைப் பாத்தா ஓடவும் முடியல."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். ஆறுதலாகப் பேசத் தெரியாத மனிதர். பஸ் டிப்போவில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி ரொம்பநேரம் சொன்னார். யார் யாரை அடித்தார்கள் என்று அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஆனாலும் அவர் நிறுத்தியபோது, "அப்புறம்?" என்று கேட்டாள்.

யூரியா வைத்த பாதி முதலில் தெளிந்தது. நடுக்குருத்து நல்ல பச்சையில் விரிந்தது. பழைய கீழ் இலைகள் தெளியவில்லை, உதிர்ந்தன. புது இலைகள் அவற்றை மறைத்துக்கொண்டு மேலே போயின. அத்தான் தினமும் அந்தப் பக்கம் ஏதோ வேலை இருப்பது போலப் போய் வந்தார்.  ஒருநாள் காலை பம்பரம் முற்றத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்தபோது, "புயல், குடத்தை உடைச்சிடாதே" என்றார். அக்கா உள்ளே பாத்திரத்தைத் துலக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

மறுபாதி தெளிவதற்குள் கூடத்தில் ஆளில்லை என்று மேடம் கூப்பிட்டுவிட்டார். அக்காதான் பஸ் நிறுத்தம் வரை வந்தாள். "போ. இருந்தியே, அது போதும்" என்றாள். பஸ் கிளம்பிய பிறகுதான் மழை தொடங்கியது. பம்பரம் ஜன்னல் வழியே கையை நீட்டி நனைத்துக்கொண்டாள்.

அதன்பின் தினமும் போன்தான்.

"பச்சையாச்சா?"

"பச்சைன்னு சொல்ல முடியாது. மஞ்சள்னும் சொல்ல முடியாது."

"அப்ப என்ன நிறம்?"

"வெள்ளரிப் பிஞ்சு நிறம். போனை வை, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

மழை நின்று மண் ஆறியதும் அந்தப் பாதியும் ஒருவழியாகத் தெளிந்தது. தின்றவை செத்துக் கொடுத்துவிட்டுப் போயின. ஆனால் இளமையில் பட்ட பட்டினி பட்டதுதான். அறுவடையில் யூரியா வைத்த பக்கம் கிட்டத்தட்ட வழக்கம்போல் இருந்தது. மறுபக்கம் கதிர்கள் குட்டையாக, நுனியில் மணி பிடிக்காமல் இருந்தன. அந்த வருஷம் வீட்டில் கை கொஞ்சம் இறுகியது. அத்தான் அதை மறைக்கவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை.

அவர் செய்தது வேறு. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பரிசோதனைக்கூடத்து வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டு பைகள். ஒன்றில் தன் வயல் மண். மற்றதில், எரிக்கிற பக்கத்து வயல்காரருடைய மண். "கேட்டு எடுத்தீங்களா?" என்றாள். "மண்ணுதானே, வரப்பு தாண்டி உருண்டு வந்துச்சு" என்றார்.

அத்தான் அதுவரை அந்த அறைகளைப் பார்த்ததில்லை. ஜாடிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, மூடியைத் தொடப் போனார்.

"தொடாதீங்க! நடுவுல திறக்கக் கூடாது."

"நீயா சொல்றே?" என்றார்.

நாள்கள் கழித்து முடிவைக் கேட்கவும் அவரே வந்தார். அவர் கண்முன்னாலேயே அமிலத்தைச் சொட்டினாள். அவருடைய மண்ணோடு ஜாடியில் இருந்த கரைசலில் இளஞ்சிவப்பு சட்டென்று மறைந்தது. மற்றதில் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "நம்மளுது நல்லா இரைக்குது" என்றார். சொன்ன பிறகு அந்தச் சொல் அவருக்கே சுருக்கென்றிருக்க வேண்டும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்போ மண்ணுல கரி ஏறியிருக்கும், இல்ல?" என்று அங்கிருந்தே கேட்டார்.

இங்கேதான் பம்பரத்துக்கு நாக்கு முந்தியது. ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவர் முகம் மலரும். எழுந்தவள் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இல்ல அத்தான். கரி அளவையும் தனியாப் பாத்தேன், ரெண்டுலயும் ஒண்ணுதான். ஒரு வருஷத்துல தெரியாது. நம்ம வெயில்ல மண்ணு பசி அடங்காத வயிறு. போடப்போட எரிச்சிடும். வருஷா வருஷம் விடாமப் போட்டா கொஞ்சம் கொஞ்சமா ஒதுங்கும். தட்டையோட பயறு மாதிரி காத்துலருந்து நைட்ரஜன் பிடிக்கற பயிரையும் ஊடால போட்டா இந்த மஞ்சள் சங்கடம் குறையும். ஆனா எவ்வளவு ஏறும்னு இப்பவே என்னால சொல்ல முடியாது. ஏறலேன்னாலும் கீழ போகாம இருக்கும். அதுவே பெரிசு."

அத்தான் இரண்டு கரைசல்களையும் மறுபடி குனிந்து பார்த்தார். "இதை ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தா நான் எரிச்சிருப்பேன்" என்றார் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை. இருவரும் தேநீர் குடிக்கப் போனார்கள்.

அவர் எரிக்கவில்லை. ஆனால் எல்லாம் சுபம் என்று முடித்துவிட முடியாது. அடுத்த பருவத்தில் டிராக்டர் கிடைக்காமல் போய், கடைசித் துண்டு நிலத்தில் தட்டையைக் குவித்து அவரே தீ வைக்கவேண்டி வந்தது. வைப்பதற்கு முன் அக்காவைப் பஸ் ஏற்றித் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். மற்றவர்களின் வயல்களும் எரிந்துகொண்டுதான் இருந்தன. காற்றுக்கு எது யார் வயல் என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் அக்கா சில வாரம் தங்கை வீட்டில் தங்குவது வழக்கமாயிற்று. இருவரும் ஒரே அறையில் படுத்தார்கள். அக்கா உறங்குவாள். பம்பரம் அவள் மூச்சைக் கேட்டபடி புரண்டுகொண்டிருப்பாள்.

அத்தான் பயறு ஊடாலப் போடத் தொடங்கிய மூன்றாவது வருஷம் அக்கா அங்கே இருந்தபோதுதான் அத்தானிடமிருந்து போன் வந்தது. குரலில் ஒரு மிடுக்கு.

"பக்கத்து வயல்காரனும் தட்டையை உழுதுட்டான். எரிக்கல. நான்தான் எல்லாம் விளக்கமாச் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க அத்தான்?"

"யூரியா போடச் சொன்னேன். இதோ, காஞ்ச மண்ணுல நல்லாத் தூவிட்டு இருக்கான். மழை வந்ததும் உள்ளே போயிடும்னு சொன்னேன்."

"காஞ்ச மண்ணுலயா? மேலயா? ஐயோ, நிறுத்தச் சொல்லுங்க! எல்லாம் ஆவியாப் போகுமே! நிறுத்தச் சொல்லுங்க, நான் வரேன்!"

போனை அணைக்கக்கூட இல்லை, ஒரு கால் செருப்புக்குள் போய்விட்டது. மறு செருப்பைக் காணோம். நாற்காலியில் சாய்ந்திருந்த புருஷன், எழுந்துகொள்ளாமலே, அந்த ஊர்ப் பக்கம் போகிற தன் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சொன்னார். போனில் அத்தானின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா ஜன்னலருகே போய் வெளியே தலையை நீட்டி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த தன் சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"இரு, நானும் வரேன்" என்றாள். "பக்கத்து வயல்ல புகை இல்லேன்னா எனக்கு இங்கே என்ன வேலை?"